கலங்கலைக் கண்டு கலங்குகிறவர்

புதுச்சேரி – கடலூர் சாலையில், பிள்ளையார்குப்பம் சுற்றுவட்டாரத்துக் கள்ளுக்கடைகளுக்கு வருகிறவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. எல்லைக்கு இந்தப் பக்கம் அரசே ஏலம் விட்டுக் கடை நடக்கிறது. ஆகவே ஞாயிறு பிறந்தால் இவர் வண்டியை முறுக்கிவிடுவார். வந்தவர் உடனே குடித்துவிட மாட்டார். டம்ளரை வெயிலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடி, "என்னண்ணே, இப்படிக் கலங்கலா இருக்கு? தண்ணி ஊத்திட்டீங்களா?" என்பார். தண்ணீர் ஊற்றினால் கள்ளின் வெண்மை நீர்த்துப்போகுமே ஒழிய மிகாது. இந்தச் சின்னக் கணக்கு அவருக்கு எட்டுவதில்லை. சந்தேகம் மட்டும் நுரை தள்ளும்.

பாளையைச் சீவியதும் சொட்டுவது வெறும் இனிப்பு நீர். பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் அது பதநீராகவே நிற்கும். தடவாவிட்டால் பழம்பானையிலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட் புகுந்து, மரத்திலேயே பொங்கத் தொடங்கிவிடும். அவர் முறைத்துப் பார்க்கும் வெண்மையில் பெரும்பங்கு அந்த ஈஸ்ட்டும் அதன் கூட்டாளி பாக்டீரியாக்களும்தான். அசையாமல் வைத்தால் கொஞ்சம் அடியில் மண்டியாகத் தங்கும். நொதிப்பது நுண்ணுயிர்களின் வேலை என்று நிறுவிய லூயி பாஸ்டர், 1876-ல் பீருக்கென்றே ஒரு நூல் எழுதினார். பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் புதுச்சேரியை விட்டே போய்விட்டார்கள். பாஸ்டர் சொன்னது இவர் காதுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

"பீர் மட்டும் பளிங்கு மாதிரி இருக்கே?" என்பது அவருடைய பிரம்மாஸ்திரம். ஆலை பீர் பளபளப்பது ஈஸ்ட்டை வடிகட்டி எடுத்துவிடுவதால். வீட்டில் பீர் காய்ச்சுகிற வெளிநாட்டுக்காரரைக் கேட்டால் வேறு கதை சொல்வார்: பாட்டிலில் துளி சர்க்கரை போட்டு மூடுவார்கள், உள்ளே மிஞ்சிய ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை உண்டாக்கி, வேலை முடிந்ததும் அடியில் படியும். குலுக்காமல் ஊற்றி, கடைசி ஒரு விரற்கடையை விட்டுவிட வேண்டியதுதான். குளிரவைத்ததும் தோன்றி, சூடேறினால் மறையும் மங்கல்கூட உண்டு; அது புரதத்தின் சேட்டை. ஜெர்மானியக் கோதுமை பீரிலோ மண்டியை வேண்டுமென்றே கலக்கி ஊற்றுவார்கள். அதே கலங்கல் ஜெர்மன் பெயரோடு உயரமான கிளாஸில் வந்தால் நம்மவர் படம் எடுத்து ஊருக்கே அனுப்புவார்.

"கலப்படத்துக்குப் பயப்பட வேண்டாமா?" என்றால், வேண்டும். ஆனால் கண் அதற்குக் காவல் அல்ல. கள்ளில் கலப்பதாகப் பிடிபடும் குளோரல் ஹைட்ரேட் நீரில் சுத்தமாகக் கரைந்துவிடும். 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்ற சாராயத்திலிருந்த மெத்தனால் தண்ணீர்போலத் தெளிந்தது. கெட்டுப்போன கள்ளும் உண்டு. அதைக் காடி நெடியும் நூல் இழுக்கும் வழுவழுப்பும் காட்டிக்கொடுக்கும். மூக்கை வைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் சோதிக்கிறவரை என்ன சொல்ல? கள் வடிகட்டுகிற பன்னாடை, வண்டையும் எறும்பையும் பிடித்து வைத்துக்கொண்டு கள்ளைக் கீழே விட்டுவிடும். இவர் புத்தியும் அந்த ஜாதி.

கடைசியில் அவர் ஒரு வழி கண்டுபிடிப்பார். தண்ணீர் பாட்டிலில் கள்ளை ஊற்றி, மூடியை இறுக முறுக்கி, தெளியட்டும் என்று வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள் வைப்பார். ஈஸ்ட்டுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. சற்றைக்கெல்லாம் பாட்டிலின் வயிறு உப்பி, அடிப்பாகம் வெளியே பிதுங்கி நிற்கும். அதைத் திறந்து சட்டை, மீசை, வண்டி இருக்கை மூன்றையும் நனைத்துக்கொண்டு, பாதி பாட்டிலோடு கடைக்குத் திரும்பி வருவார்: "அண்ணே, சோப்பு கீப்பு கலந்தீங்களா?"