போட்ட காசு திரும்பும் காலம்

சோலர் பூட்டுவதில் கணக்கு ஒன்றுதான். போட்ட முதலை ஆண்டு வருமானத்தால் வகுத்தால், முதல் திரும்பும் காலம் கிடைக்கும். வகுத்தல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும். ஆனால் அந்த எண்களில் மேகம், மின்சார சபை, கட்டணம் நிர்ணயிக்கும் ஆணைக்குழு, குரங்கு என நான்கு தரப்பு கைவைக்கிறது. வீட்டுக்காரர் கைவைக்கக்கூடியது காசோலையில் மட்டும்.

முதலில் செலவு. 5 கிலோவாற்றுத் தொகுதிக்கு 10 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு தகடுகள், இன்வேட்டர், கூரைச் சட்டம், கம்பி, இரு பக்கமும் எண்ணும் மீற்றர் எல்லாம் இதில் அடக்கம். தகடு 25 ஆண்டு உழைக்கும். இன்வேட்டர் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் ஓய்வு கேட்கும். விற்க வருபவர் முன்னதை மறக்காமல் சொல்வார். பின்னதை வாங்குபவர்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது விளைச்சல். ஒரு கிலோவாற்று நாளொன்றுக்கு மூன்றரை முதல் நான்கு யூனிட் தரும் என்பது இலங்கையின் பொது வாய்ப்பாடு. அதை எழுதியவர் வெயில் கொளுத்தும் அம்பாந்தோட்டையில் குடியிருந்திருக்க வேண்டும். நாம் கணக்குப் போடும் தெரணியகலையில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. காலையிலேயே வானம் கறுத்தால் ரப்பர் மலையில் பால்வெட்டு இல்லை, வெட்டுக்காரருக்குப் பேரும் (ஒரு நாள் சம்பளமும்) இல்லை. அதே மேகத்தின் கீழ், இன்வேட்டரின் சின்னத் திரையில் 5,000 வாற்று காட்ட வேண்டிய இடத்தில் 600 நின்று முழிக்கும். மழையால் லாபமும் உண்டு: தகடு கழுவக் கூலி மிச்சம், சூடு குறைந்த தகடு நன்றாகவும் வேலை செய்யும். ஆனால் ஓரத்தில் பாசி பிடிக்கும். தொடராக இணைத்த தகடுகளில் ஒன்றின்மேல் ஒரு பலா இலை ஒட்டிக்கொண்டாலே வரிசை முழுதும் சோர்ந்துபோகலாம். ஆகவே மாதம் 450 யூனிட் என்று அடக்கமாகப் போட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது விலை. 2016 செப்டெம்பரில் அரசாங்கம் தொடங்கிய சூரியபல சங்கிராமய திட்டத்தில் ஒப்பந்தம் 20 ஆண்டுக்கு. அப்போது சேர்ந்தவர்களுக்கு, மிஞ்சிய யூனிட்டுக்கு முதல் ஏழு ஆண்டு 22 ரூபா, பிறகு 15.50 ரூபா. 450 யூனிட்டையும் விற்றால், 22 ரூபாவில் எட்டரை ஆண்டுக்குள் முதல் வந்துவிடும் என்று மனம் துள்ளும். ஏழாம் ஆண்டு முடிந்ததும் விலை இறங்குவதைச் சேர்த்தால் ஒன்பது ஆகும். அதற்குள் இன்வேட்டர் இருமத் தொடங்கியிருக்கும். 2022இல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 37 ரூபா என்றார்கள். அந்த விலைக்கு இதே 10 இலட்சம் ஐந்தே ஆண்டில் திரும்பும். பிறகு வந்தவர்களுக்கு விலை மறுபடி இறங்கியது. கூரையும் மழையும் ஒன்றுதான், கையெழுத்திட்ட திகதிதான் வேறு.

வீட்டிலேயே செலவழிக்கும் யூனிட்டின் மதிப்பு, மின்கட்டணத்தோடு ஏறி இறங்கும். கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. 2025 ஜனவரியில் 20 வீதம் இறங்கி, ஜூனில் 15 வீதம் ஏறியது. கட்டண உயர்வுச் செய்தி கேட்டுச் சந்தோஷப்படும் ஒரே சாதி, சோலர் பூட்டியவர்கள். மழை நன்றாகப் பெய்து நீர்த்தேக்கங்கள் நிறைந்தால் கட்டணம் குறைய வழி பிறக்கும். ஊருக்கு அது நல்ல செய்தி. தெரணியகலைச் சோலர்காரருக்கோ அந்த மழை யூனிட்டையும் குறைத்து, யூனிட்டின் மதிப்பையும் குறைக்கிறது.

நான்காவது தரப்பு 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை தலையிட்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் நாடு முழுதும் மின்சாரம் போனதாக வலுசக்தி அமைச்சர் விளக்கினார். அன்று நடுப்பகல் வெயிலில், தலைக்குமேல் 10 இலட்சம் ரூபாத் தகடு இருந்தும் வீட்டில் ஃபேன் சுற்றவில்லை. சபையின் கம்பியில் மின்சாரம் நின்றால், திருத்த வரும் ஊழியருக்கு அடிக்காமலிருக்க இன்வேட்டரும் தானாக நின்றுவிடும். பற்றரி இருந்தால் தப்பலாம், அதற்குத் தனிக் காசு. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு. ஆலைகள் மூடித் தேவை குறைவதால், பகலில் மூன்று மணிவரை சோலரை நிறுத்திவைக்கும்படி சபையே கேட்டுக்கொண்டது. பால் பொங்கிய கையோடு சூரியனை அணைக்கும் சடங்கும் அந்த வருடம் சேர்ந்துகொண்டது.

கடைசியாக, யாருக்குப் பொருந்தும்? பில் உயர உயர, போட்ட முதல் விரைவாகத் திரும்பும். டவுனில் இரண்டு ஃபிரீசர் ஓடும் கடைக்கு நியாயமான முதலீடு. கடன் வாங்கினால் வட்டியையும் கூட்ட வேண்டும். தோட்டத் தொழிலாளரின் லயத்துக் காம்பராவிலோ இரண்டு பல்பு, ஒரு டிவி, ஃபோன் சார்ஜர். சின்ன பில்லால் 10 இலட்சத்தை வகுத்தால் விடை தகட்டின் ஆயுளையும் தாண்டும். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் 10 இலட்சம் என்பது ஏறக்குறைய 740 பேராக இருந்தது. மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும், ஒரு வாய் சோறு உண்ணாமல் ஏறக்குறைய இரண்டரை வருடம். அதையும் ஒரு தொழிலாளி சேர்த்துவிட்டார் என்றாலும் தகரக் கூரை தோட்டத்துக்குச் சொந்தம். லயத்தில் செலவுப் பட்டியலின் முதல் வரி கூரைக்கான உறுதிப்பத்திரம். எந்தக் கம்பனியின் விலைப்பட்டியலிலும் அந்த வரி மட்டும் இராது.