பெரிய டயர் போடலாமா?

கேள்வி: 1996 மாடல் ஜிப்ஸி வைத்திருக்கிறேன். 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே ஸ்டியரிங் கிடுகிடுவென ஆடுகிறது. பெரிய டயர் மாட்டினால் சரியாகுமா? - வாசகர், கொடைக்கானல்

பதில்: கால் தள்ளாடுகிறவருக்குப் பெரிய செருப்பா வாங்கித் தருவீர்கள்? வீல் பேலன்சிங் பார்த்தாயிற்றா? அப்புறம் ஜாக்கியில் முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். லொடலொடத்தால் வீல் பேரிங்கோ கிங் பின் பேரிங்கோ தேய்ந்திருக்கும். டை ராடு முனை, லீஃப் ஸ்பிரிங் புஷ் ஆகியவற்றையும் விடாதீர்கள்.

பெரிய டயர் போட்டால் இழுவை குறையும், ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துச் சொல்லும், பிரேக் திணறும். டயர்க்காரர் இதைச் சொல்ல மாட்டார். பாவம், அவருக்கும் குடும்பம் இருக்கிறது! மலையிறங்கும் வண்டிக்கு முதலில் பேரிங், அடுத்து பிரேக் லைனிங். மிச்சக் காசில்தான் டயர்.