சூடு பார்க்கிறவர்

மல்டிமீட்டர் இவரிடம் இரண்டு இருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி வாங்கிய ஆசிலாஸ்கோப் ஒன்று, உறை கழற்றாமல் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் பழைய ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றியதும் இவர் நீட்டுவது வலது கை ஆள்காட்டி விரலை.

கிளைவ் சின்கிளேரின் கம்பெனி 1982-இல் விற்பனைக்கு விட்ட 48கே மாடல், ரப்பர் பொத்தான் வைத்தது. “புனேயில டெசிபெல்ஸ் கம்பெனிக்காரன் 1986-ல போட்டான் பாருங்க, அது இல்ல. இது லண்டன்லேர்ந்து சித்தப்பா கொண்டுவந்தது” என்று ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சொல்லிவிடுவார். சுவிட்சைப் போட்டால் வெள்ளைத் திரையின் அடியில் சின்கிளேர் ரிசர்ச் என்று ஒரு வரி வரவேண்டும். வருவதோ மேலிருந்து கீழாகக் கோடு கோடாக. “மெமரி போச்சு” என்கிறார். அதில் தப்பில்லை. எந்த சிப் போச்சு என்று கண்டுபிடிக்கும் இடத்தில்தான் விரல் வருகிறது.

போர்டில் எட்டு 4116 சிப்புகள் வரிசையாக இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து வைத்தியர் நாடி பார்ப்பதுபோலப் பார்ப்பார். எட்டாவது முடிந்ததும் முதல் சிப்பின் சூடு மறந்துபோயிருக்கும். திரும்பவும் ஒன்றிலிருந்து. இரண்டாம் சுற்றில் விரலே சூடாகிவிடும் என்பதால் டம்ளர் தண்ணீரில் முக்கி, வேட்டியில் துடைத்து, மூன்றாம் சுற்று. அப்புறம் இடது கை. அதற்கும் பிறகு, “இங்க கொஞ்சம் வாயேன், இது சூடா, அது சூடா சொல்லு.”

“சாம்பார்க் கையோட தொடட்டுமா?”

துடைத்துக்கொண்டு வந்த அம்மாள் மூன்றாவது என்றார். பையன் தொடாமலேயே ஏழாவது என்றான். மாதப் பணம் வாங்க வந்த கேபிள்காரத் தம்பியும் தப்பவில்லை. அவன் எட்டையும் பொறுமையாகத் தொட்டுவிட்டு, “எல்லாமே சூடாத்தான் சார் இருக்கு” என்றான். அன்றைக்கு அந்த வீட்டில் சொல்லப்பட்ட ஒரே சரியான வார்த்தை அதுதான். 4116 நன்றாக வேலை செய்யும்போதே சுடும். செத்துக்கொண்டிருப்பது இன்னும் கூடுதலாகச் சுடும் என்பதும் உண்மையே, அதனால் விரல் முழுப் பொய்யும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், விடை டிவியிலேயே இருக்கிறது, இவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு பைட்டின் எட்டு பிட்களை எட்டு சிப்புகளும் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அந்த மெமரியின் முதல் 6912 பைட்தான் திரையில் தெரியும் படம். ஒரே ஒரு சிப் கெட்டால் எட்டுப் புள்ளிக்கு ஒரு புள்ளி தப்பாகும். திரையில் மேலிருந்து கீழாக 32 கோடுகள் விழும். எட்டில் எத்தனையாவது இடத்தில் கோடு விழுகிறது என்று எண்ணினால், ஐசி 6 முதல் 13 வரை எது குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

இந்த எட்டும் சேர்ந்து 16கேதான்; அதற்கு மேலே இருக்கிற 32கே கெட்டாலோ கதை வேறு. ஆன் செய்ததும் மெஷின் தானே மெமரியைச் சோதித்து, எதுவரை நல்லதோ அதுவரை போதும் என்று சத்தம் போடாமல் 16கே மெஷினாக எழுந்து உட்காரும். பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733 என்று அடித்தால் 65535 வரவேண்டும். 32767 வந்தால் மேலே இருக்கிற 32கே-யில்தான் கோளாறு. இதை அடிக்க விரல் ஒழியவேண்டுமே. ஆனால் அந்த 32கே சிப்புகளைப் பற்றிப் பேச மட்டும் இவருக்கு நேரம் உண்டு. 64 கிலோபிட் சிப்பில் ஒரு பாதி பழுதானதை மலிவாக வாங்கி, நல்ல பாதியை மட்டும் பயன்படுத்திக்கொண்டது சின்கிளேர் கம்பெனி. “என்ன மூளை!” என்பார், கண் பளபளக்க.

சிரித்தது போதும். 4116-க்கு மூன்று மின்னழுத்தம் வேண்டும்: 12 வோல்ட், 5 வோல்ட், மைனஸ் 5. அந்த மைனஸ் 5 நின்றுபோனால் சிப் வெந்து சாகும். 12-ஐயும் மைனஸ் 5-ஐயும் தருவது டிஆர்4 என்ற சின்ன டிரான்சிஸ்டரை நம்பி ஓடும் சர்க்யூட். சிப் ஷார்ட் ஆனால் டிஆர்4 போகும். டிஆர்4 போனால் சிப்புகள் போகும். ஆகவே முதல் வேலை, மீட்டரை எடுத்து 1, 8, 9-ஆம் பின்களில் வோல்டேஜ் பார்ப்பது. ஒரு நிமிட வேலை. இவர் செய்வதில்லை. விரல் சொன்ன சிப்பைப் பிடுங்கிப் புதிதாக ஒன்றைப் போடுகிறார். மைனஸ் 5 இல்லாமல் அதுவும் கொதிக்கிறது. “பாத்தீங்களா, சூடு! இதுவும் டூப்ளிகேட்!” என்று இன்னொன்று. இந்த சிப்பை இன்றைக்கு யாரும் தயாரிப்பதில்லை. பழைய ஸ்டாக்கிலும் செத்த போர்டுகளிலும் கிடைப்பதுதான் மிச்சம். கூடவே சால்டரிங் அயர்ன் சூட்டில் போர்டின் செம்புத் தடமும் உரிந்து வருகிறது. சொந்த மெஷினோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. “கொடுங்க, நான் பாத்துத் தரேன்” என்று அடுத்தவர் மெஷினையும் கேட்டு வாங்குகிறார். நட்புக்காகக் கொடுக்கிறவர்களைச் சொல்லவேண்டும்.

கடைசியில் பையன்தான் டிஆர்4-ஐ மாற்றினான். யாருக்கும் சொல்லவில்லை. மறுநாள் சின்கிளேர் ரிசர்ச் என்ற வரி திரையில் வந்ததும் இவர் வீட்டையே கூப்பிட்டார். பி என்ற ஒற்றைப் பொத்தானில் பிரிண்ட் என்ற முழுச்சொல்லும் விழும் என்பதை விரல் மறந்திருக்கவில்லை. பேத்தியின் பெயரை முடிவில்லாமல் அச்சடிக்க இரண்டு வரி புரோகிராம் எழுதினார். திரை நிறைந்து, “ஸ்க்ரோல்?” என்று மெஷின் கேட்டது. பேத்தி “என்” என்ற ஆங்கில எழுத்துப் பொத்தானை அழுத்தினாள். எல்லாம் நின்றது. இவருக்குக் கோபமே வரவில்லை. “எப்படிடி கண்டுபிடிச்சே?” என்று அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் நிம்மதியாக ஓடியது. இப்போது மூடி மறுபடி கழன்றிருக்கிறது. 7805 ரெகுலேட்டர் கை வைக்க முடியாமல் சுடுகிறதாம். அது சுடத்தான் செய்யும். அதற்குத்தான் அவ்வளவு பெரிய அலுமினியத் தகட்டை அதோடு முடுக்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அதை மாற்றப் போகிறார்.