குதிரை முள்ளங்கியின் குணபேதங்கள்: கண்ணீரை முன்வைத்து ஓர் ஆய்வு

அழவைக்கும் காய்கறி எது என்று கேட்டால் எல்லோரும் வெங்காயத்தையே சொல்கிறார்கள். ஐரோப்பியச் சமையலறைகளில் பல நூற்றாண்டுகளாக அழவைத்துவரும் குதிரை முள்ளங்கியை (horseradish) எவரும் கண்டுகொள்வதில்லை. இந்த அநீதியைக் களையும் பொருட்டு ஒரு கருதுகோள் முன்வைக்கப்படுகிறது: இச்செடி எங்கும் வளரும்; உருப்படியாக வளர்வதுதான் அரிது.

முதலில் வகைகள். அகன்ற, சுருக்கம் விழுந்த இலை கொண்டது 'காமன்' வகை. இதில் பெயர்பெற்றது மாலினர் கிரென். பூர்வீகம், செக் நாட்டுக் குத்னா ஹோராவை ஒட்டிய மாலின் சிற்றூர். கிழங்கு உயர்தரம், உடம்புதான் நோஞ்சான். வழவழத்த இலையுள்ள பொஹீமியனும் பிக் டாப் வெஸ்டர்னும் வெண்துரு நோயைத் தாக்குப்பிடிக்கும். ஆக, இலையைத் தடவிப் பார்த்தே ஆயுசைக் கணிக்கலாம். ஜாதகத்தைவிட நம்பகமான முறை.

வம்சவிருத்தி விசித்திரமானது. பூ உண்டு, முளைக்கும் விதை அநேகமாக இல்லை. பென்சில் பருமனுள்ள பக்கவேரை நறுக்கித்தான் நட வேண்டும். அறுவடையில் விட்டுப்போன துண்டெல்லாம் மறுவருஷம் தலைகாட்டும். எனவே 'எப்படி வளர்ப்பது' என்பதைவிட 'எப்படி ஒழிப்பது' என்பதே தோட்டக்காரர்களின் நடைமுறைக் கேள்வி.

விற்கத் தகுந்த கிழங்கு வேண்டுமானால் கதை வேறு. கல் கலந்த மேட்டுநிலத்தில் அது கவட்டை கவட்டையாகப் பிரிந்து கோணிக்கொள்ளும். ஆழமான, பொலபொலப்பான, ஈரம் காக்கும் மண் வேண்டும், கடுங்குளிர்காலமும் வேண்டும். இத்தனையும் அமைந்த இடம், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸுக்கு எதிர்க்கரையில் இருக்கும் மிசிசிப்பி வெள்ளச் சமவெளி. 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஜெர்மானியர்கள் பயிரைத் தொடங்கினார்கள். கோடை முழுக்க இலைதான். வெயில் தணிந்த பிறகே கிழங்கு பருக்கும். பனியில் இலை கருகியதும் தோண்டுவார்கள். அங்குள்ள காலின்ஸ்வில் ஊர் தன்னைத்தானே உலகக் குதிரை முள்ளங்கித் தலைநகராக அறிவித்துக்கொண்டு, 1988 முதல் திருவிழா நடத்துகிறது. கிழங்கைத் தூர எறியும் போட்டிகூட உண்டு. சாப்பிடுவதைவிட எறிவது பாதுகாப்பானது என்பது இவ்வாய்வின் துணைமுடிவு.

கண்ணீருக்கு வருவோம். முழுக்கிழங்கு பரமசாது, முகர்ந்தாலும் நெடி இராது. துருவினால் செல்கள் உடைந்து, சினிக்ரின் என்ற வேதிப்பொருளும் மைரோசினேஸ் நொதியும் சந்திக்கின்றன. பிறக்கிறது அல்லைல் ஐசோதயோசயனேட். கடுகின் காட்டமும் இதுவே. வினிகர் விட்டால் வினை அந்த இடத்திலேயே நிற்கும். உடனே விட்டால் மிதமான நெடி, சில நிமிடம் பொறுத்து விட்டால் மண்டை கிறுகிறுக்கும். ஜப்பானின் காரச் செடியான வசாபியிலும் இருக்கும் இதே நெடியைக் காற்றில் பரப்பி, தூங்குபவரை எழுப்பும் தீ எச்சரிக்கைக் கருவியை உருவாக்கிய ஜப்பானியர்களுக்கு 2011இல், சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. இத்துறையில் நகைச்சுவைக்கும் அறிவியலுக்கும் எல்லைக்கோடு மங்கலாகவே இருக்கிறது.

இந்திய வெயிலில் இந்தக் கிழங்குக்கு ஏங்கிய ஆங்கிலேயர்கள், முருங்கை வேரைத் துருவிச் சமாளித்தார்கள். மூக்கு ஏமாறவில்லை: முருங்கையும் குதிரை முள்ளங்கியும் தாவரவியலில் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. முருங்கை வேர்ப்பட்டையில் நஞ்சு இருப்பதால், இந்தப் பரிசோதனையை வாசகர்கள் திரும்பச் செய்து பார்க்க வேண்டாம்.