கோல்கீப்பருக்குத் தனிப் பந்தி

பெறுநர்: பாலன் டி ஓர் விருதுக் குழுவினர், 'பிரான்ஸ் ஃபுட்பால்' இதழ்.

மதிப்பிற்குரிய பெருமக்களே,

1956-இல் 41 வயது ஸ்டான்லி மேத்யூஸுக்கு முதல் விருதைக் கொடுத்தீர்கள். அன்று தொடங்கி, தலைசிறந்த கால்பந்து வீரர் யார் என்று கண்டுபிடிக்கும் பாரத்தைத் தாங்களே சுமந்து வருகிறீர்கள். 1995 வரை ஐரோப்பியர் அல்லாதவர்களைக் கணக்கிலேயே சேர்க்காததால் பெலே, மரடோனா விஷயத்தில் தங்களுக்குத் தலைவலி மிச்சம். பிறகு கதவைத் திறந்தீர்கள். திறந்த ஆண்டே லைபீரியாவின் ஜார்ஜ் வியா ஜெயித்துக் காட்டினார். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவரை வரவேற்ற தாங்கள், சொந்த பெனால்டி பெட்டிக்குள் நிற்பவரை மட்டும் இன்னும் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் இந்தக் கடிதத்தின் புகார்.

கணக்கைப் பார்ப்போம். கோல்கீப்பர்களில் தங்கள் விருதைப் பெற்றவர் ஒரே ஒருவர்: சோவியத் யூனியனின் லெவ் யாஷின், 1963-இல். டிஃபெண்டர்களில் மூன்றே பேர்: பெக்கன்பவர் (1972, 1976), சாமர் (1996), கன்னவாரோ (2006). ஒரு அணியில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கோலைக் காப்பதற்கென்றே நிற்கிறார்கள்; ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கிடைத்தது ஐந்து விருது. 2006 உலகக் கோப்பையில் இத்தாலி ஆடிய ஏழு ஆட்டங்களில் அதன் கோல்கீப்பர் புஃபோன் விட்டது இரண்டே கோல். ஒன்று, தன் அணியின் ஸக்கார்தோ போட்ட சேம்சைட் கோல்; மற்றது இறுதியாட்டத்தில் பிரான்ஸின் ஸிதான் அடித்த பெனால்டி. அதாவது, ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தில் எதிரணியில் ஒருவராலும் அவரைத் தாண்ட முடியவில்லை. அதற்கு இரண்டாம் இடம் கொடுத்தீர்கள். முதலிடம் அவருக்கு முன்னால் நின்ற கன்னவாரோவுக்கு. அந்த ஆண்டு காட்டிய தாராளத்தின் களைப்பு தங்களுக்கு இன்னும் தீரவில்லை போலும்; அதன்பின் ஒரு டிஃபெண்டரும் மேடையேறவில்லை.

ஏறியிருக்க வேண்டியவர் லிவர்பூல் டிஃபெண்டர் வான் டைக். 2019 மார்ச் இறுதியில், டாட்டன்ஹாமுக்கு எதிராக ஆட்டம் 1-1 என்று முடியப்போகும் நேரம். டாட்டன்ஹாமின் சிஸோகோ பந்தோடு ஓடி வருகிறார், பக்கத்தில் சக வீரர் சோன். எதிரே வான் டைக் தனியாள். அவர் பாயவில்லை, சறுக்கி விழவில்லை. சோனுக்குப் பந்து போகும் வழியை மறித்தபடியே பின்வாங்கி, வலது காலால் ஆடும் சிஸோகோ இடது காலால் அடித்தே தீரவேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தார். பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. கடைசி நிமிடத்தில் லிவர்பூல் ஜெயித்தது. பந்தைத் தொடாமலே ஓர் ஆட்டத்தைக் காப்பாற்றியதை எழுதிவைக்க எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் இடமில்லை. அந்த சீசனில் லிவர்பூல் சாம்பியன்ஸ் லீக்கையும் வென்றது. தங்கள் வாக்கெடுப்பில் மெஸ்ஸிக்கு 686 புள்ளிகள், வான் டைக்குக்கு 679.

அதே 2019-இல்தான் தங்களுக்குக் கோல்கீப்பர்கள் மீது திடீர்க் கருணை பிறந்து, யாஷின் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தினீர்கள். கல்யாண வீட்டில் சிலரைத் தனிப் பந்தியில் உட்காரவைத்து, 'உங்களுக்கென்றே ஸ்பெஷல்' என்று சொல்வது போன்ற மரியாதை இது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கோலடிப்பவர்களுக்கும் கெர்ட் முல்லர் பெயரில் ஒரு தனி விருது வைத்தீர்கள். ஆனால் அவர்கள் அங்கே சாப்பிட்டுவிட்டுப் பெரிய பந்திக்கும் வரலாம். டிஃபெண்டர்களுக்கோ எந்தப் பந்தியிலும் இலை போடவில்லை.

2025 விருது இன்னும் ருசியானது. சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பாரிஸ் அணி இன்டரை 5-0 என்று வீழ்த்தியது. அதன் முன்கள வீரர் தெம்பேலே கோலடிக்கவில்லை, ஆனாலும் எதிரணி கோல்கீப்பரை மூச்சுவிட விடாமல் நெருக்கி அவர் தற்காத்த விதத்துக்காகவே விருது தரலாம் என்றார் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிகே. தந்தீர்கள், தகுதியானவர்தான். அதே அணியின் கோல்கீப்பர் டொன்னரும்மா, லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் இரண்டு பெனால்டிகளைத் தடுத்திருக்காவிட்டால் பாரிஸ் அடுத்த சுற்றைப் பார்த்திருக்குமா என்பதே சந்தேகம். அவருக்கு ஒன்பதாம் இடம். ஆக, முன்னால் ஆடுபவர் தற்காத்தால் விருது. பின்னால் ஆடுபவர் தற்காத்தால் சம்பளம்.

'கோல்தானே ஆட்டத்தை முடிவு செய்கிறது' என்பீர்கள். 2-1 என்ற வெற்றியில் அடித்த இரண்டாவது கோலுக்கும், தடுத்த இரண்டாவது கோலுக்கும் எடை ஒன்றுதான். ஒன்று ஸ்கோர்போர்டில் தெரிகிறது, மற்றது தெரியவில்லை. 'தெரியாததை எப்படி அளப்பது?' என்பது அடுத்த கேள்வி. அதற்காகத்தானே நாட்டுக்கொருவராகப் பத்திரிகையாளர்களைத் தேர்ந்தெடுத்து வாக்களிக்கச் சொல்கிறீர்கள்? கோலை எண்ணிக் கொடுக்க ஐரோப்பிய கோல்டன் ஷூ ஏற்கெனவே இருக்கிறது. எண்ணத் தெரிந்த ஒரு குமாஸ்தா செய்யும் வேலைக்கு நூறு நிபுணர்கள் எதற்கு? 'டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் ரோட்ரிக்கு 2024-இல் கொடுத்தோமே' என்று நினைவூட்டுவீர்கள். கொடுத்தீர்கள், நன்றி. தன் வீரர் வினிசியஸுக்குக் கிடைக்கவில்லை என்று ரியல் மாட்ரிட் விழாவுக்கே வராமல் இருந்துவிட்டது. நடுக்களத்துக்காரருக்குக் கொடுத்ததற்கே இத்தனை ஊடல் என்றால், தாங்கள் இத்தனை ஆண்டுகளாக உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த பாடம் நன்றாகவே பதிந்திருக்கிறது.

ஆகவே, தங்கள் முன் இரண்டு கோரிக்கைகள். கெர்ட் முல்லர் விருதை வாங்குபவர் அந்த ஆண்டு பெரிய விருதுக்குத் தகுதியற்றவர் என்று விதி செய்யுங்கள். கூடாதென்றால், 'உலகின் தலைசிறந்த கோலடிப்பவர், அல்லது அவருக்குப் பந்து கொடுத்தவர்' என்று விருதின் விளக்கத்தை மாற்றுங்கள். அதன்பின் ஒரு கோல்கீப்பரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். தங்களுக்கும் மனச்சாட்சி மிச்சம்.

இப்படிக்கு,
உள்ளே போகாத பந்தையும் பார்க்கும் ரசிகன்

பி.கு.: என்றாவது மனம் மாறி ஒரு கோல்கீப்பருக்கு விருதைக் கொடுத்தால், அவரை மேடைக்கு வரவழைத்துச் சிரமப்படுத்த வேண்டாம். இருந்த இடத்திலிருந்து வீசினால் போதும், பிடித்துக்கொள்வார்.