பதி, பசு, குட்டி யானை

நெல்லிக்குப்பத்துக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில் சைவ சித்தாந்தம் விளக்காமல் விட்ட பொருள் ஒன்றுமில்லை என்பது அறிஞர் துணிபு. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் பன்னிரண்டே சூத்திரங்களில் சிவஞானபோதத்தை முடித்தார். அடுத்த நூற்றாண்டில் சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் இருந்துகொண்டு உமாபதி சிவாசாரியார் ஒருவரே எட்டு நூல்கள் செய்தார். ஆக மொத்தம் சாத்திரம் பதினான்கு. ஆனால் எங்கள் வாசல் வேப்பமரத்தடியில் நிற்கும் பழைய குட்டி யானை ஏன் இன்னும் ஓடுகிறது, அதை ஏன் விற்க முடிவதில்லை என்பதற்குப் பதினான்கிலும் நேரடி விடை கிடையாது. அக்குறை நீக்கவே இவ்வாராய்ச்சி. 1929 முதல் இயங்கிவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியலும் உண்டு, தத்துவமும் உண்டு. எந்த வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பது என்ற குழப்பத்தால் இது பத்திரிகைக்கு வருகிறது.

முதலில் ஆய்வுப்பொருள். குட்டி யானை என்று தமிழ்நாடு முழுவதும் அழைக்கப்படுவது 2005 மே மாதம் டாடா நிறுவனம் அறிமுகப்படுத்திய ஏஸ் வண்டி. 702 சிசி டீசல் என்ஜின், இரண்டே சிலிண்டர், 16 குதிரைத் திறன், ஏற்றத்தக்க சுமை முக்கால் டன். பதினாறு குதிரை சேர்ந்தால் ஒரு யானைக்குட்டி என்ற இந்தக் கணக்கை விலங்கியலார் இன்னும் பரிசீலிக்கவில்லை. எங்களுடையது 2008 மாடல், கைமாறி வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு படுக்க வைத்ததே, அதற்குப் பிறகு விழுந்த மரம் ஏற்றுவதற்காக அப்பா வாங்கினார். மரங்கள் தீர்ந்தன. வண்டி தீரவில்லை. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: மீட்டர் என்றோ நின்றுவிட்டது. காலம் மாயையின் காரியம் என்று சித்தாந்தம் சொல்வதால் இதை ஒரு பழுதாக நாங்கள் கருதுவதில்லை.

மாற்றார் கொள்கையை மறுத்துவிட்டுத்தான் தன் கொள்கையை நிறுவ வேண்டும். முன்னது பரபக்கம், பின்னது சுபக்கம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பதினான்கு மதங்களை மறுத்தார். எங்கள் வீட்டில் உள்ளவை மூன்றே.

முதலாவது உலகாயதம். இதன் ஆசிரியர் அண்ணன். “தவணையில புது வண்டி எடுத்துடலாம்பா. இதுக்கு அழற காசுல மாசத் தவணையே கட்டிடலாம்.” கண்ணால் கண்டதே உண்மை, ஷோரூமில் கண்டது இன்னும் பெரிய உண்மை. அப்பாவின் மறுப்பு: “தவணை மாசா மாசம் வரும்டா. ரிப்பேரு எப்பவாவதுதான வரும்?” ரிப்பேரும் மாதாமாதம்தான் வருகிறது என்பதால் இந்த வாதம் தர்க்கத்தில் நொண்டும். ஆனால் காட்சி, கருதல், உரை என்று சித்தாந்தம் ஒப்புக்கொண்ட அளவைகள் மூன்றில் அப்பா எப்போதும் கையாள்வது உரை ஒன்றையே. அதைச் சற்று உரக்கக் கையாள்வார். எதிர்வாதம் அடங்கிவிடும்.

இரண்டாவது பௌத்தம். தம்பி வாதம்: “கிளட்ச் மாத்தியாச்சு, கியர்பாக்ஸ் வேற, தொட்டி வேற, இடது பக்கக் கதவு எந்த வண்டியோடதுன்னே தெரியல. இது நீங்க வாங்கின வண்டியே இல்லப்பா.” கணந்தோறும் அழிந்து கணந்தோறும் வேறாகத் தோன்றுவதை ஒன்று என்று எப்படிச் சொல்வது? நல்ல கேள்விதான். தீசியஸின் கப்பலுக்குப் பலகை பலகையாக மாற்றிக்கொண்டே வந்தார்களாம். அது அதே கப்பல்தானா என்று ஏதென்ஸ் ஞானிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றதைப் புளூடார்க் எழுதியிருக்கிறார். பாவம், அவர்களிடம் ஆர்.சி. புத்தகம் இல்லை. என்ஜினையே மாற்றினாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம், மாறாதது சேஸிஸில் பொறித்த எண். உடம்பு எத்தனை எடுத்தாலும் உயிர் ஒன்று என்பதற்கு அரசாங்க முத்திரையோடு கூடிய சான்று இதுதான். அந்த உடம்புகள் பல புதுப்பேட்டையிலிருந்து வருகின்றன. இது சென்னைப் புதுப்பேட்டை. பழைய உதிரிபாகக் கடைகளின் தலைநகரம். பண்ருட்டிக்குப் பக்கத்திலும் ஒரு புதுப்பேட்டை இருப்பதால் பிற்கால ஆய்வாளர்கள் பஸ் மாறி ஏறிவிடக் கூடாது.

மூன்றாவது அம்மா. “இந்த வண்டிக்குக் கொட்டின காசுல ரெண்டு காணி வாங்கிப் போட்டிருக்கலாம்.” இதற்கு மறுப்பு இதுவரை எவராலும் இயற்றப்படவில்லை. ஆகவே சுபக்கத்துக்குப் போவோம்.

பதி (இறை), பசு (உயிர்), பாசம் (கட்டு) மூன்றும் தோற்றமில்லாதவை. நம் ஆய்வில் பசு என்பது வண்டியின் சொந்தக்காரர், கட்டுண்டவர். பாசம் வண்டி. பதி யார் என்பதைப் பின்னால் காண்போம். பாசத்தின் கூறுகள் ஆணவம், கன்மம், மாயை.

ஆணவம், செம்பில் களிம்பு போல உடன்பிறந்தது, வெளியிலிருந்து வருவதன்று. குட்டி யானையில் இது துரு. கடலூர்க் கடல் உப்புக்காற்றை நெல்லிக்குப்பம் வரை தாராளமாக அனுப்பிவைக்கிறது. தொட்டியின் அடித்தகட்டிலும் கேபின் தரையிலும் துரு முதலில் குடியேறும். டிங்கர் வேலை செய்து பெயிண்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாமல் மறையுமே தவிர ஒழியாது. பட்டறைக்காரர் ஒரு கொப்புளத்தை ஸ்குரூடிரைவரால் லேசாகக் குத்திக் காட்டுவார். ஸ்குரூடிரைவர் அந்தப் பக்கம் வந்துவிடும். மெய்யறிவு என்பது அந்தக் கணம்.

கன்மம் மூவகை. சேர்த்துவைத்தது சஞ்சிதம்: முன் சொந்தக்காரர் ஏற்றிய செங்கல், மணல், நாங்கள் ஏற்றிய பலாமரம். இப்போது அனுபவிப்பது பிராரத்தம்: பின்பக்க ஸ்பிரிங் பட்டை உடைந்தது, சென்டர் போல்ட் அறுந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்தே போவது. இனி வருவதற்கு இப்போதே வித்திடுவது ஆகாமியம். பொங்கலுக்கு முன் கரும்புக் கட்டு ஏற்றும்போது முக்கால் டன் எப்போதோ தாண்டியிருக்கும். வரப்பில் நிற்பவர் “இன்னும் ரெண்டு கட்டு தாங்கும்ணே, போடுங்க” என்பார். அந்த ரெண்டு கட்டுதான் ஆகாமியம். கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் மிதந்து வந்த அப்பர் கரையேறியதாகச் சொல்லப்படும் கரையேறவிட்டகுப்பம் கடலூரிலேயே இருக்கிறது. இவ்வட்டாரத்தில் பாரம் ஏற்றுகிறவர்கள் அந்த முன்னுதாரணத்தை அளவுக்கு மீறி நம்பிவிட்டார்கள் என்பது என் கருத்து.

மாயை உயிர்க்குத் தருவது தனு, கரணம், புவனம், போகம். தனு தொட்டி. கரணம் என்ஜின் முதலானவை. புவனம் கடலூர்–பண்ருட்டி சாலை. 1842இல் தொடங்கிய நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும் மாதங்களில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் புது வண்டியும் ஊர்கிறது, எங்கள் வண்டியும் ஊர்கிறது. சமத்துவம் நிலவும் ஒரே பருவம் அது. போகம் என்பது பாட்டுப்பெட்டி. ஹாரன் அடிக்காத நாளிலும் இளையராஜா அடிப்பார்.

மாயையின் இன்னொரு முகம் வழியில் செய்யும் வைத்தியம். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள். டீசல் டேங்க் கசிந்தால் பார் சோப்பைத் தேய்த்து அடைப்பது. மற்ற எல்லாவற்றுக்கும் எம்-சீல். இவை வீடு போய்ச் சேரும் வரை மெய். சேர்ந்த பிறகு பொய். ஆனால் வீடு சேர்ந்தவர் அடுத்த நாள் காலை அதை மெய்யென்றே கொண்டு கிளம்பிவிடுவதுதான் மயக்கம். கூலன்டுக்குப் பதிலாக ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றுவதும் இவ்வகையே. உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படிந்து குழாயை அடைக்கும், என்ஜின் சூடேறும், கேஸ்கட் போகும், ஆயில் மோர் நிறத்துக்கு வரும். அப்போது “என்னடா பாலா இருக்கு?” என்று கேட்பது அறியாமை என்ப.

புகையின் நிறம் பற்றியும் ஒரு சொல். கறுப்பு என்றால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது டீசல் அதிகமாகப் போகும். நீலம் என்றால் என்ஜின் ஆயிலே எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, போர் வேலை காத்திருக்கிறது. சூடான பிறகும் வெள்ளை நிற்கவில்லையென்றால் பெரும்பாலும் உள்ளே தண்ணீர் இறங்குகிறது. டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் இதைச் சொல்லக் கட்டணம் வாங்குவதில்லை. நாம் கேட்க வேண்டியதும் இல்லை.

இனி பதி. ஐந்தொழில் உடையவரே பதி. தில்லையில் கூத்தன் ஆடுவது அவ்வைந்தையும்தான். பட்டறை அண்ணனிடம் ஐந்தும் உண்டா என்று பார்ப்போம். படைத்தல்: இல்லாத பாகத்தை லேத்தில் கடைந்து பொருத்துகிறார். காத்தல்: மாதம் ஒருமுறை கிரீஸ் அடிக்கிறார். அழித்தல்: ஹெட்லைட்டைச் சரிசெய்யக் கொடுத்தால் வைப்பர் நின்று வருகிறது. மறைத்தல் அவருடைய தனிச் சிறப்பு. வேலை முடிந்த பின் மிஞ்சும் இரண்டு போல்ட்டை டப்பாவில் போட்டுவிடுவார், சனிக்கிழமை போனையும் அணைத்துவிடுவார். அருளல்தான் அரிது.

“அண்ணே, வலது பக்கம் டொக்கு டொக்குன்னு சத்தம் வருதுண்ணே.”

“எவ்ளோ நாளா?”

“தீபாவளிலேருந்து.”

“தீபாவளிலேருந்து வருதுன்னா ஒண்ணும் ஆவாது. ஓட்டு.”

இந்த “ஓட்டு” கிடைத்த பசுவுக்குச் சத்தம் காதில் விழுவதே நின்றுவிடும். இது அனுபவத்தால் உணரத்தக்கது.

இடையில் ஒரு பழமொழியையும் சோதித்துப் பார்த்தோம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது வழக்கு. காயலான் கடைக்காரர் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், டயரை உதைத்தார், கிலோ கணக்கில் ஒரு விலை சொன்னார். அப்பா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். பழமொழி கன்றுக்குப் பொருந்தாது என்று குறித்துக்கொள்க.

எஞ்சியது வீடுபேறு. உலக வழக்கில் இது எஃப்.சி. எனும் தகுதிச் சான்று. சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அதன் பின் ஆண்டுதோறும். பதினைந்து வயது தாண்டிய வண்டிக்கு 2022 ஏப்ரல் 1 முதல் கட்டணத்தை நன்றாகவே ஏற்றிவிட்டார்கள். 2023 ஏப்ரல் முதல் அரசாங்கம் தன்னுடைய பதினைந்து வயது வண்டிகளின் பதிவையே நீக்கித் துறவு பூண்டது. டில்லியில் டீசல் வண்டிக்குப் பத்து வயதே எல்லை என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்டது. நல்லவேளையாக நெல்லிக்குப்பம் டில்லியில் இல்லை.

எஃப்.சி.க்கு முந்தைய வாரம் வண்டி மறுபிறப்பு எடுக்கும். தொட்டிக்குப் பெயிண்ட், ஓரத்தில் ஒளிரும் ஸ்டிக்கர், நம்பர் பிளேட்டுக்குப் புது மஞ்சள், கைபிரேக்குக்குப் புது கேபிள். கேபின் தரையில் ரப்பர் விரிப்பு. ஏன் என்று மேலே சொல்லியாயிற்று. இண்டிகேட்டரும் முதலுதவிப் பெட்டியும் தெருவில் யாரிடமாவது இரவல். வேலை முடிந்ததும் அவரவர் பொருளை அவரவர் வண்டியில் திருப்பி மாட்டிவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

எங்கள் வண்டிக்கு அடுத்த மாதம் எஃப்.சி. வலது பக்க டெயில் லாம்ப் கண்ணாடி உடையாமல் யாரிடமாவது இருந்தால் அரைநாள் கொடுத்து உதவவும். பல்பு எங்களிடம் இருக்கிறது.