றேடியோ மாஸ்ரர்

வன்னிப் பெருநிலப்பரப்பில் ஒரு கிராமத்துக்குப் புதிதாக வருகிறவர், கோயில் இருக்குமிடத்தை மணியோசையாலும் குளம் இருக்குமிடத்தை மருத மரங்களாலும் அறிந்துகொள்வது போல, றேடியோ மாஸ்ரருடைய வீடு இருக்குமிடத்தை ஒரு செம்புக் கம்பியைக் கொண்டு, எவரையும் விசாரியாமலே அறிந்துகொள்ளலாம். வேலியோரத்துப் பனையின் வட்டுக்குக் கீழே ஒரு முனையும், முற்றத்து வேம்பிலே மறுமுனையும், நடுவிலிருந்து இறங்கி ஜன்னல் வழியாக உள்ளே நுழைகிற வாலுமாக விளங்கும் அந்தக் கம்பிக்கு 'ஏரியல்' என்று பெயர். அதில் சேலை காயப்போட்டால் மாஸ்ரருக்குக் கோபம் வரும். காகம் உட்கார்ந்தால் அதைவிட அதிகமாக வரும். சேலைக்காரியிடம் சொல்லலாம், காகத்திடம் சொல்ல இயலாது என்பதுதான் காரணம்.

ஊருக்கு ஒருவர் இப்படி உண்டு. முல்லைத்தீவுக் கரையில் அவர் ஒரு சம்மாட்டியாக இருப்பார். கிளிநொச்சிக் குடியேற்றத்தில் நீர்ப்பாசனத் திணைக்களத்து ஓய்வூதியராக இருப்பார். வவுனியாப் பக்கத்தில் தபாற்கந்தோரிலே தந்தியடித்து ஓய்ந்தவராக இருப்பார். நான் சிறு வயது முதல் பழகியவர் இந்த மூன்றாம் வகுப்பினர்; இளைப்பாறியபின் மல்லாவிப் பக்கத்திலுள்ள தம்முடைய பூர்வீகக் காணிக்கு வந்து சேர்ந்தவர். தந்திக்காரருக்கும் வானொலிக்கும் என்ன சம்பந்தம் என்று எவரேனும் அறியாமையினால் கேட்டுவிட்டால், அன்று அவருக்கு வீடு திரும்ப நேரமாகும். எட்வர்ட் ஹாப்பர் என்னும் தந்தித் திணைக்கள எந்திரியார், கைப்பற்றப்பட்ட ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு கொழும்பில் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பிய வரலாறும், 1925 ஆம் ஆண்டு மார்கழி மாதம் 16 ஆந் திகதி கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமான வரலாறும், ஹாப்பரே தம்முடைய சிறிய தகப்பனார் என்பது போன்ற உரிமையோடு சொல்லப்படும். "எங்கடை டிப்பாட்மென்ற் இல்லாட்டில் உங்களுக்கு ஏது றேடியோ?" என்பது அவ்வரலாற்றின் கடைசி வாக்கியம்.

அவருடைய முதற் பெட்டி ஒரு வால்வு றேடியோ. அதைத் திறப்பது ஓர் அனுஷ்டானம். குமிழைத் திருகியவுடன் பேசிவிடுகிற இக்காலத்துப் பெட்டிகளைப் போல அது அவசரப்படுவதில்லை; வால்வுகள் சிவந்து சூடேறி, முகப்பிலுள்ள பச்சைக் கண் மெல்ல விழித்து, ஒரு முனகலுக்குப் பின்னரே அது உலகத்தோடு சம்பாஷிக்க இசையும். கண்ணாடி முகப்பிலே லண்டன், பாரிஸ், ரங்கூன் என்றெல்லாம் நகரங்களின் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். எனக்குப் பூகோளம் கற்பித்தது அந்தக் கண்ணாடிதான். ஆகையினால், லண்டனுக்கும் ரங்கூனுக்கும் இடையிலுள்ள தூரம் இரண்டு அங்குலம் என்னும் அபிப்பிராயம் வெகுகாலம் என்னை விட்டு நீங்கவில்லை.

1990 இல் யுத்தம் மறுபடி மூண்டு, வன்னிக்குள் கொண்டுவரக்கூடாத பொருள்களின் பட்டியலிலே பற்றறியும் சேர்ந்துகொண்டபோது, அந்தப் பெட்டி மௌனமாகி, மேலே சரஸ்வதி படம் வைப்பதற்குரிய மேசையாகிவிட்டது. மின்சாரமும் கிடையாது. ஜாம் போத்தலுக்குள் திரி மிதக்கவிட்டு நாங்கள் பாடம் படித்த காலம் அது. ஒரு சிறிய ட்ரான்சிஸ்டர் மாத்திரம் மாஸ்ரரிடம் எஞ்சியது; அதற்கும் தீனி வேண்டுமே! அப்பொழுதுதான் எங்கள் ஜனங்கள் எல்லாருமாகச் சேர்ந்து கண்டுபிடித்த அந்த அற்புத யந்திரம் தோன்றிற்று. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைச் சாய்த்து, அது தருகிற ஆடலோட்டத்தை ஒரு டயோட்டினால் நேராக்கி, றேடியோவுக்கு இரண்டு கம்பி கொடுத்து, மிதியைக் கையினாலே சுற்றவேண்டியது. சைக்கிள் மாஸ்ரருடையது. கை என்னுடையது.

இலவசமாகச் செய்தி கேட்கலாம் என்கிற ஆசையினால் அந்த உத்தியோகத்தை ஏற்றுக்கொண்ட எனக்கு, செய்தி கேட்கிறவன் சுற்றமுடியாது, சுற்றுகிறவன் கேட்கமுடியாது என்னும் உண்மை இரண்டொரு நாளிலேயே பிரத்தியட்சமாயிற்று. சங்கதி சுவாரசியமாக வரும்போது கை தானாகவே தளரும். கை தளர்ந்தால் குரல் மெலிவதோடு நில்லாமல், நிலையமும் தன் இருப்பிடத்தை விட்டு நழுவி, பக்கத்திலிருக்கும் ஏதோ அந்நிய பாஷையாகிவிடும். முற்றத்தில் குந்தியிருக்கும் முப்பது பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். "சுத்தடா தம்பி, சுத்து! ஆனையிறவிலை என்னவாம் எண்டு சொல்ல வந்தவன், நீ சீனாக்காரனிட்டைக் கொண்டுபோய் விட்டிட்டாய்!" என்று மாஸ்ரர் அலறுவார். 1941 இல் தொடங்கிய பி.பி.சி. தமிழ்ச் சேவை எத்தனையோ அறிவிப்பாளர்களைக் கண்டிருக்கிறது. அவர்கள் எல்லாருடைய குரலும் மல்லாவியில் என் தோள்மூட்டைக் கடந்தே சபையை அடைந்தது என்பதை நிலையத்தார் அறிந்திருக்க நியாயமில்லை.

அந்தச் சேவையின் 'தமிழோசை' அக்காலத்தில் இரவு 9.15 க்கு வரும். ஆனால் எந்த 9.15 என்பதிலே பெருத்த விவகாரம் இருந்தது. 1996 இல் அரசாங்கம் கடிகாரத்தை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, பின்னர் அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. வன்னியோ அந்தக் கொடுக்கல் வாங்கலில் கலந்துகொள்ளாமல் பழைய நேரத்திலேயே நின்றுவிட்டது. 2002 இல் பாதை திறந்தபின், ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டுகிறவர் அடையாள அட்டையை மாத்திரமல்ல, கைக்கடிகாரத்தையும் கவனிக்கவேண்டியவரானார். 2006 சித்திரையில் தென்னிலங்கை பழைய நேரத்துக்கே திரும்பி வந்து சேரும்வரை, வவுனியா எங்களைவிட அரை மணி வயதில் மூத்ததாகவே இருந்தது. இந்தத் தகராற்றிலே மாஸ்ரர் எந்தப் பட்சமும் சேரவில்லை. உலகத்து வானொலிக்காரர் எல்லாரும் அனுசரிப்பது கிறீன்விச் நேரம் என்று பிரகடனம் செய்து, தம்முடைய மேசை மணிக்கூட்டை ஐந்தரை மணித்தியாலம் பின்னே தள்ளிவைத்தார். அதன்படி தமிழோசை வருவது 15.45 க்கு. மாலைத் தேநீர் பதினொன்றரைக்கு. மருமகளுடைய கலியாண முகூர்த்தம் காலை 9.10 என்று பத்திரிகையில் அச்சிட்டிருக்க, அவர் அதைத் தம் நாட்குறிப்பில் 3.40 என்று கணக்காகவே குறித்து வைத்தார். பின்னர் அதை ஊர் நேரத்துக்குத் திரும்பப் பெயர்த்ததில் தவறு நேர்ந்து, தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுப் பந்தியும் எழுந்த பிறகு, புதுவேட்டியும் சந்தனப் பொட்டுமாக வந்து நின்றார்.

கேட்பதோடு இவ்வினத்தார் திருப்தியடைவதில்லை. கேட்டதற்கு மார்க்குப் போடவேண்டும். நிலையங்களுக்கு அறிக்கை எழுதும்போது சைகையின் பலம், பிற நிலையங்களின் இடையூறு, இரைச்சல், அலையின் ஏற்ற இறக்கம், மொத்தப் பெறுமதி என்னும் ஐந்துக்கும் ஐந்து முதல் ஒன்று வரை இலக்கம் கொடுப்பது சர்வதேச வழக்கம். ஐந்தென்றால் குறையே இல்லை. ஒன்றென்றால் குறையைத் தவிர வேறொன்றுமில்லை. இப்படி எழுதி எழுதி மாஸ்கோவிலிருந்தும் பீக்கிங்கிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் அவர் பெற்ற அத்தாட்சி அட்டைகள் ஒரு பிஸ்கற் தகரம் நிறைய இருந்தன. வழக்கம் முற்றி வியாதியாயிற்று. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்வந்தவரிடம் பிரசங்கம் எப்படி என்று கேட்டேன். "பலம் அஞ்சு, இரைச்சல் ஒண்டு, மொத்தம் ரெண்டு" என்றார். மகளைப் பெண்பார்க்க வந்த பையனைப் பற்றி வீட்டார் அபிப்பிராயம் கேட்டபோது, "மற்றதெல்லாம் நாலு, ஏற்ற இறக்கத்துக்குத்தான் ரெண்டு போட்டிருக்கிறன். பொடியன் வாறான், மறையிறான்" என்றார். அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று. பையன் பிற்காலத்தில் நடந்துகொண்ட விதத்தைக் கவனிக்கையில், இரண்டு கொடுத்ததே தாராளம் என்று எனக்குத் தோன்றுகிறது.

2009 இல் எல்லாரையும் போல அவரும் நடந்தார். வால்வுப் பெட்டியும் பிஸ்கற் தகரமும் வழியில் எங்கோ தங்கிவிட்டன. ட்ரான்சிஸ்டர் மாத்திரம் செட்டிகுளத்து முகாம்வரை வந்தது. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை, நானும் கேட்டதில்லை.

ஊருக்குத் திரும்பி, கூரை போட்டு, மின்சாரமும் வந்து, பிள்ளைகள் கனடாவிலிருந்து காசு அனுப்பத் தொடங்கிய பிறகுதான், எழுபதைக் கடந்த அந்தப் பெரியவருக்கு ஒரு விபரீத ஆசை உதித்தது. இத்தனை வருஷமாக உலகம் பேசியதைக் கேட்டாயிற்று; இனி உலகத்துக்கு மறுமொழி சொல்லவேண்டும்! வன்னியிலே கேட்கும் பெட்டி கிரகலட்சுமி என்றால், பேசும் பெட்டி சாக்ஷாத் சனீஸ்வரன். அதற்குப் பயந்து அரை ஆயுளைக் கழித்த ஊர் இது. ஆனால் 2004 மார்கழி 26 ஆந் திகதி கடல் வந்தபோது, தொலைபேசியெல்லாம் செத்துக்கிடக்கத் தெற்கிலே அம்பாந்தோட்டைச் செய்தியைக் கொழும்புக்குச் சேர்த்தவர்கள் அமெச்சூர் வானொலிக்காரர்கள் என்பதை அவர் கேள்விப்பட்டிருந்தார். முல்லைத்தீவுக் கரையிலே அன்று அப்படி ஒருவர் இருந்திருந்தால் என்று பெருமூச்சு விட்டதும் உண்டு. ஆகவே கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதினார். அங்கே அவருக்கு நேர்ந்த மனத்தாங்கல் ஒன்றை இங்கே சொல்லியாகவேண்டும். அவருடைய சொத்து மோர்ஸ் தந்தி. நித்திரையிலும் கட்டுக்கட என்று விரல் தட்டுகிறவர். சோற்றுத் தட்டிலே அவர் தட்டுகிற தட்டிலிருந்து குழம்பு வேண்டுமா ரசம் வேண்டுமா என்று அவருடைய மனைவியாகிய மாமி அறிந்துகொள்வார். 2003 இல் கூடிய உலக வானொலி மாநாட்டிலோ, இனி அமெச்சூர்களுக்கு மோர்ஸ் கட்டாயமில்லை என்று தீர்மானித்துவிட்டார்கள். தாம் ஒருவரே சித்தியடையக்கூடிய பாடத்தை மாத்திரம் தேடிப்பிடித்து நீக்கியதாக அவர் இன்றைக்கும் நம்புகிறார். எனினும் சித்தியடைந்தார், அக்காலத்து வீ.எஸ்.7 க்குப் பதிலாக இக்காலத்தில் வழங்குகிற 4 எஸ். என்று தொடங்கும் அழைப்புக் குறியும் பெற்றார்.

பெட்டி வந்தது. 1970 களில் ஜப்பானில் செய்த பழைய பெட்டி. பதினைந்து கிலோ எடை. பெரும்பாலும் ட்ரான்சிஸ்டர், பேசுகிற பகுதிக்கு மாத்திரம் வால்வு. 'யேசு எஃப்.டி. 101' என்பது அதன் நாமதேயம். பிள்ளையார் படத்துக்குக் கீழே அதை வைத்துவிட்டு, "யேசு வந்திட்டுது" என்று அவர் வீடு அதிர அறிவித்தபோது, அடுக்களையிலிருந்து மாமி ஓடிவந்து, "இந்த வயசிலை வேதத்துக்கு மாறிட்டியளோ?" என்று தலையில் கைவைத்தது வாஸ்தவம்.

முதல் நாள் இரவு அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருந்தபோது, ஒரு நொடிக்கு ஒன்றாகத் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. மோர்ஸிலே ஒற்றைப் புள்ளி 'ஈ' என்னும் ஆங்கில எழுத்து. யாரோ ஓர் ஆபத்தில் அகப்பட்டவர் ஒரே எழுத்தையே விடாமல் அடிக்கிறார் என்று விடியும்வரை காத்திருந்து பார்த்தால், அது காட்டோரத்தில் யானைக்காகப் போட்ட மின்சார வேலி! அன்று முதல் அயலவர்களுடைய எல்.ஈ.டி. விளக்கு, போன் சார்ஜர் எல்லாவற்றோடும் அவருக்குப் பகை. ஆனால் வேலியோடு மாத்திரம் சமாதானமாகிவிட்டார். நெல் முக்கியம் அல்லவா?

காலையில் 7 மெகாஹேர்ட்சில் தமிழ்நாட்டு அன்பர்கள் சுத்தத் தமிழிலே சுகம் விசாரித்துக்கொள்வார்கள். சைகைக்கு 59 கொடுத்தபின், இன்றைக்கு இட்லியா பொங்கலா என்பது வரையில் சம்பாஷணை போகும். மாஸ்ரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவார். சில வேளை, "எங்கடை வீட்டிலை பிட்டு" என்று வாய்விட்டும் சொல்லுவார். ஆனால் அவர்களுக்குக் கேட்காது. ஒலிவாங்கி பொலித்தீன் பைக்குள், றப்பர் வளையம் போட்டு, அலுமாரியில் இருக்கிறது. அந்தப் பெட்டியில் வால்வைச் சூடாக்குவதற்குத் தனி ஆளி ஒன்று உண்டு. அதைப் போடாமலே கேட்கலாம். அவர் இன்றுவரை அதைப் போட்டதில்லை.

"ஏன் மாஸ்ரர், பேசத்தானே வாங்கினீங்கள்?"

"பேசலாம் தம்பி. பேசினால் வால்வு தேயும். அந்த வால்வு இப்ப ஒருத்தரும் செய்யிறதில்லை. அது போனால் பிறகு என்னெண்டு பேசுறது?"

இந்த நியாயத்தை முறியடிக்க நான் எவ்வளவோ முயன்று தோற்றேன். வால்வின் பெயர் 6 ஜே.எஸ். 6. உண்மையில் அது வானொலிக்காகப் பிறந்ததல்ல, பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளுக்காகப் பிறந்தது. ஆகவே ரொறன்ரோவிலோ வேறெங்கோ பழைய தொலைக்காட்சி திருத்துகிற தமிழன்பர் எவரிடமாவது அவ்வால்வில் ஒரு சோடி கிடக்குமானால், பஞ்சு சுற்றிப் பத்திரமாக அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விலாசம் என்னுடையதாக இருக்கட்டும். அவர் கைக்கு நேரே போனால், அவையும் பொலித்தீன் பைக்குள் போய்விடும்.